கட்டாய ராணுவ சேவையைத் திரும்பக் கொண்டுவரலாமா?

பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் மூட்டை கட்டி வைத்த சட்டத்தை ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றாகத் தூசி தட்டி எடுக்கின்றன. லிதுவேனியா 2008-இல் நிறுத்திய கட்டாய ராணுவ சேவையை 2015-இல் திரும்பக் கொண்டுவந்தது. ஸ்வீடன் 2010-இல் கைவிட்டது; 2017-இல் மனம் மாறி, 2018 முதல் ஆட்களை அழைக்கிறது. லாட்வியா 2023-இல் சட்டம் போட்டது. குரோஷிய நாடாளுமன்றம் 2025 அக்டோபரில் வாக்களித்தது. 2011-இல் நிறுத்திய ஜெர்மனி, 2025 டிசம்பரில் பாதி தூரம் திரும்பி வந்திருக்கிறது. ஆசியாவில் தைவான், நான்கு மாதமாகச் சுருக்கி வைத்திருந்த சேவையை 2024-இலிருந்து ஓராண்டாக நீட்டிவிட்டது.

ரஷ்யப் படை நுழைந்தபோது 2014-இல் கிரிமியாவும் 2022-இல் உக்ரைன் முழுவதும் கண்ட காட்சிகளுக்குப் பிறகு, அடுத்து நம் மேல் போர் வருமோ என்ற பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் 'கட்டாய சேவை வேண்டுமா, வேண்டாமா' என்று கேட்டுக் கை தூக்கச் சொன்னால் ஒன்றும் தெளிவாகாது. பின்லாந்தின் 165 நாள் பயிற்சிக்கும் இதுதான் பெயர். ஆப்பிரிக்க நாடான எரித்திரியாவில் பல ஆண்டுகளாக வீடு திரும்பாமல் இருப்பவரின் நிலைக்கும் இதுதான் பெயர்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நாட்டின் திட்டமாக இருந்தாலும் நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன்: இதிலிருந்து யார் யார் நழுவ முடியும், உள்ளே போனவரை எந்தத் தேதியில் விடுவார்கள். இந்த இரண்டுக்கும் நேர்மையான பதில் இல்லாத திட்டத்தை, எல்லையில் எவ்வளவு பெரிய எதிரி நின்றாலும், என்னால் ஆதரிக்க முடியாது. பதினெட்டு வயதுப் பிள்ளையின் உயிரையும் காலத்தையும் அரசு எடுத்துக்கொள்கிற விஷயம் இது.

ஆள் எதற்குத் தேவை?

ராணுவத்துக்கு ஆள் போதவில்லை என்று சொல்லும்போது இரண்டு வெவ்வேறு பற்றாக்குறைகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, தினமும் பணியில் இருக்க வேண்டிய நிரந்தரப் படையில் காலியிடங்கள். இன்னொன்று, பெரிய போர் வெடித்தால் கூப்பிடுவதற்கு, பயிற்சி பெற்ற ரிசர்வ் படை இல்லாதது.

முதல் பற்றாக்குறையைக் கட்டாய சேவை தீர்க்காது. ஒன்பது மாதமோ பதினொரு மாதமோ இருக்கப்போகிறவர், வான் பாதுகாப்பு ரேடாரையோ நீர்மூழ்கிக் கப்பலையோ கையாளக் கற்று முடிக்கும்போது வீட்டுக்குக் கிளம்பும் நாள் வந்துவிடும். அவருக்குக் கற்றுக்கொடுக்க, நிரந்தரப் படையிலிருந்தே அனுபவமுள்ள ஆட்களைப் பிரித்து எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஆள் குறைந்த படை இன்னும் இளைத்துப்போகும்.

இதற்கு அமெரிக்கத் தரைப்படை நல்ல உதாரணம். 2022-இல் 60,000 பேர் வேண்டும் என்று கிளம்பி ஏறத்தாழ 15,000 பேர் குறைவாகத்தான் சேர்க்க முடிந்தது. அதே ஆண்டு அவர்கள் ஒரு முன்பயிற்சியைத் தொடங்கினார்கள். உடல் எடையிலோ எழுத்துத் தேர்விலோ கொஞ்சத்தில் தவறியவர்களை அதிகபட்சம் 90 நாள் வரை வைத்துத் தேற்றி, பிறகு வழக்கமான பயிற்சிக்கு அனுப்பினார்கள். 2024-இல் 55,000 என்ற இலக்கை எட்டிவிட்டார்கள். இலக்கும் குறைக்கப்பட்டதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் யாரையும் கட்டாயப்படுத்தாமல் அந்தப் பள்ளத்தின் பெரும்பகுதி நிரம்பியது. அங்கே 17 முதல் 24 வயதுள்ளவர்களில் 77 சதவீதம் பேர், விதிவிலக்கு எதுவும் தராவிட்டால் சேவைக்குத் தகுதி பெற மாட்டார்கள் என்று 2020-இல் ராணுவத் தலைமையகமே ஓர் ஆய்வில் சொன்னது. உடல்நிலையும் படிப்பும் காரணமாக இருக்கும்போது, அழைப்பாணை அனுப்பி அதைச் சரிசெய்ய முடியாது.

இரண்டாவது பற்றாக்குறையின் கதை வேறு. பின்லாந்தில் மக்கள்தொகை சுமார் 56 லட்சம். ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை. போர் வந்தால் 2,80,000 பேரைக் களத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அமைதிக் காலத்தில் சம்பளத்துக்கு இருக்கும் நிரந்தரப் பணியாளர்களோ பத்துப் பன்னிரண்டாயிரம் பேர் அளவில்தான். இந்த இடைவெளியைச் சம்பளம் கொடுத்து நிரப்ப எந்தச் சின்ன நாட்டாலும் ஆகாது. அதற்கு ரிசர்வ் படைதான் வழி. ரிசர்வ் படைக்கு, ஒவ்வொரு ஆண்டும் பெருந்தொகையான இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தாக வேண்டும்.

ஆகவே நிரந்தரப் படையில் காலியிடம் என்பதற்காகக் கட்டாய சேவை கேட்கும் அமைச்சரிடம், முதலில் சம்பளத்தையும் குடியிருப்பையும் சரிசெய்யச் சொல்ல வேண்டும். தரைவழியாகப் படையெடுப்பு வரக்கூடிய சின்ன நாடு ரிசர்வ் படைக்காகக் கேட்டால் உட்கார்ந்து பேசலாம்.

எல்லோரையும் அழைப்பது

பின்லாந்து, சிங்கப்பூர், தென்கொரியா செல்லும் பாதை இது. உடல்தகுதி உள்ள ஆண்கள் அனைவரும் போக வேண்டும். பின்லாந்தில் வேலையைப் பொறுத்து 165, 255 அல்லது 347 நாள். தென்கொரியத் தரைப்படையில் 18 மாதம். சிங்கப்பூரில் இரண்டு ஆண்டு.

இதன் பெரிய பலம், நழுவுவதற்கு இடம் குறைவு என்பது. அமைச்சர் வீட்டுப் பிள்ளையும் கொத்தனார் வீட்டுப் பிள்ளையும் ஒரே அறையில் படுக்க வேண்டும். பின்லாந்து இதில் எவ்வளவு கறாராக இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று: ஆயுதம் ஏந்த மறுக்கும் கிறித்தவப் பிரிவினரான யெகோவாவின் சாட்சிகளுக்கு நீண்டகாலமாக இருந்த தனி விலக்கை 2019-இல் எடுத்துவிட்டார்கள். ஆயுதம் ஏந்த மனம் ஒப்பாதவர் யாராக இருந்தாலும் 347 நாள் மாற்றுச் சேவைக்குப் போகலாம், ஆனால் ஒரு குழுவுக்கு மட்டும் சலுகை கிடையாது. இஸ்ரேலில் இதற்கு நேர் எதிரான கதை. அங்கே மிகப் பழைமைவாத யூத மதக்கல்வி மாணவர்களுக்குப் பல பத்தாண்டுகளாக விலக்கு இருந்தது. அதற்குச் சட்ட அடிப்படை இல்லை, அவர்களையும் அழைக்க வேண்டும் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரிசர்வில் திரும்பத் திரும்பப் போய்வருகிறவர்களின் குடும்பங்களுக்கு அந்த விலக்கு எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விலையும் பெரிது. பட்ஜெட்டில் பார்த்தால் மலிவாகத் தெரியும், ஏனென்றால் இளைஞருக்குக் கொடுப்பது கைச்செலவுக் காசுதான். அமெரிக்காவில் கட்டாய சேவையை நிறுத்துவது பற்றி ஆராய அதிபர் நிக்சன் அமைத்த கேட்ஸ் குழு 1970-இல் இந்தக் கண்கட்டைப் போட்டு உடைத்தது. வெளியே வேலை பார்த்தால் கிடைக்கக்கூடிய சம்பளத்துக்கும் ராணுவம் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம், அந்த இளைஞர் மேல் மட்டும் விழும் வரி என்று அது வாதிட்டது. நாட்டின் பாதுகாப்புக்கான செலவை வருமானம் உள்ள நடுத்தர வயதினர் விட்டுவிட்டு, இன்னும் சம்பாதிக்கவே தொடங்காத பதினெட்டு வயதுக்காரர்கள் சுமப்பது எப்படி நியாயமாகும்? கேட்ஸ் குழு சொன்னதில் எனக்கு மறுக்கத் தோன்றாத வாதம் இதுதான்.

இன்னொன்று, முகாமுக்குள் நடப்பது. விருப்பமில்லாமல் வந்தவர்களை வேலியிட்ட இடத்தில் மூத்தவர் இளையவர் என்று அடுக்கி வைத்தால் வதை தலைதூக்கும். ரஷ்யப் படையில் மூத்த சிப்பாய்கள் புதியவர்களைச் சித்திரவதை செய்யும் வழக்கம் உலகறிந்தது. தென்கொரியாவில் 2014-இல் ஓர் இளம் சிப்பாய் சக வீரர்களாலேயே அடித்துக் கொல்லப்பட்டபோது நாடே கொந்தளித்தது. அங்கே பிறகு வந்த மாற்றங்களில் ஒன்று மிக எளிமையானது: 2019-இல் சோதனையாகத் தொடங்கி 2020-இலிருந்து முறையாக, வேலை நேரம் முடிந்ததும் சிப்பாய்கள் தங்கள் கைப்பேசியைப் பயன்படுத்தலாம். மாலையில் அம்மாவிடம் பேச முடிகிறவனை ஒருவன் அடித்துவிட்டு மறைப்பது கடினம். கட்டாயமாக ஆள் எடுக்க நினைக்கும் எந்த அரசும் புகார் வழியையும் இந்தக் கைப்பேசி மாதிரி ஏற்பாட்டையும் முதல் நாளே வைத்திருக்க வேண்டும்.

'இளைஞர்களுக்கு ஒழுக்கம் வரும்' என்ற வாதத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. படைமுகாம் சீர்திருத்தப் பள்ளி அல்ல. அங்கிருக்கும் சார்ஜென்டுக்கு அந்த வேலைக்கு நேரமும் கிடையாது.

தேர்ந்தெடுத்து அழைப்பது

ஸ்வீடனும் நார்வேயும் வேறு மாதிரி செய்கின்றன. ஸ்வீடனில் 18 வயதாகும் ஆண், பெண் அனைவரும் உடல்நிலை, படிப்பு, ஆர்வம் பற்றிய கேள்வித்தாளை நிரப்பியாக வேண்டும். அந்தப் பதில்களைப் பார்த்து ஒரு பகுதியினரை மட்டும் நேரில் வரச் சொல்கிறார்கள். மருத்துவச் சோதனை, உடல்திறன், அறிவுத்தேர்வு, உளவியலாளருடன் பேச்சு எல்லாம் ஓரிரு நாளில் முடியும். அதில் தேறியவர்களிலும் தேவையான அளவுக்குத்தான் எடுப்பார்கள். தொடங்கிய 2018-இல் இலக்கு ஏறக்குறைய 4,000 பேர்தான். பிறகு கூட்டிக்கொண்டே வருகிறார்கள். நார்வே 2013-இல் முடிவெடுத்து, 2015-இலிருந்து பெண்களையும் சேர்த்துக்கொண்டது; நேட்டோ நாடுகளில் அதுதான் முதல். அங்கும் ஒரு வயதுக் கூட்டத்தில் சிறு பங்குதான் உண்மையில் சீருடை போடுகிறது.

இந்த முறையில் நல்லது நிறைய. தகுதியும் விருப்பமும் உள்ளவர்கள் வருகிறார்கள், போட்டி இருப்பதால் சேவைக்கு மதிப்பும் கூடுகிறது. விருப்பமே இல்லாதவரை வம்படியாக இழுக்க வேண்டிய அவசியம் குறைவு. பயிற்சி முகாம்களுக்கும் தாங்கக்கூடிய எண்ணிக்கை.

ஆனால் என் முதல் கேள்வியை இங்கே வைத்தால் கொஞ்சம் இடறுகிறது. கேள்வித்தாளில் 'எனக்கு மூட்டு வலி, ஆர்வமும் இல்லை' என்று எழுதுகிறவர் பெரும்பாலும் தப்பிவிடுவார். உண்மையாகப் பதில் எழுதியவர் மாட்டிக்கொள்வார். மக்கள் அரசை நம்பும் நாட்டில் இது ஓடும். மருத்துவச் சான்றிதழை விலைக்கு வாங்க முடிகிற நாட்டில் இதே திட்டம், வசதியுள்ளவர் வெளியே, இல்லாதவர் உள்ளே என்று இரண்டே ஆண்டில் பிரிந்துவிடும். திட்டத்தை இறக்குமதி செய்யலாம். அதற்குக் கீழே இருக்கும் நம்பிக்கையை இறக்குமதி செய்ய முடியாது.

குலுக்கல்

எல்லோரும் தேவையில்லை, ஆனால் பாரபட்சமும் கூடாது என்றால் மிஞ்சுவது குலுக்கல். டென்மார்க்கில் இளைஞர்கள் தாங்களே சீட்டு எடுக்கிறார்கள். 2025 ஜூலையிலிருந்து அங்கே பெண்களும் இதில் சேர்க்கப்பட்டார்கள். தானாக முன்வருகிறவர்களே பெரும்பாலான இடங்களை நிரப்பிவிடுவதால் சீட்டில் மாட்டியவர் கட்டாயமாகப் போவது அரிது. லிதுவேனியாவில் கணினி பெயர்ப்பட்டியலை உருவாக்குகிறது, சேவை ஒன்பது மாதம். பட்டியல் தன்னைத் தேடி வரும் முன் தானே முன்வருகிறவருக்கு, எப்போது போவது என்பதில் கொஞ்சம் தெரிவு உண்டு.

குலுக்கல் நேர்மையாக நடந்தால்தான் இந்த வாதம் நிற்கும். 1969 டிசம்பர் 1-ஆம் தேதி வாஷிங்டனில் வியட்நாம் போருக்காக நடந்த குலுக்கலை இதில் விவரமாகப் பார்க்க வேண்டும். 366 பிறந்த தேதிகளை எழுதி, தேதிக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பியாக அடைத்தார்கள். ஜனவரியில் தொடங்கி மாதம் மாதமாகப் பெட்டியில் போட்டார்கள், டிசம்பர் கடைசி. சரியாகக் கலக்காமலே கண்ணாடி ஜாடியில் கொட்டி, தொலைக்காட்சி நேரலையில் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்த நாளில் பிறந்தவர்களுக்கு வரிசை எண் 1. அந்தக் குலுக்கலில் கடைசியாக அழைக்கப்பட்ட வரிசை எண் 195. சீராகக் கலந்திருந்தால் டிசம்பரில் பதினான்கு தேதிகளாவது 195-ஐத் தாண்டித் தப்பியிருக்க வேண்டும். தப்பியவை ஐந்தே தேதிகள். டிசம்பரில் பிறந்த ஒரே காரணத்துக்காகப் போருக்குப் போகும் வாய்ப்பு ஒருவருக்குக் கூடிவிட்டது. அடுத்த ஆண்டு தேதிகளுக்கு ஓர் உருளை, எண்களுக்கு ஓர் உருளை என்று பிரித்து முறையை மாற்றினார்கள். 1969-இல் எண் பெற்றவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அதைவிடப் பெரிய அநீதி, அந்த ஜாடிக்கு வெளியே இருந்தது. கல்லூரியில் படித்தால் சேவையைத் தள்ளிப்போடலாம். இளங்கலை மாணவர்களுக்கான இந்த வசதி 1971 வரை நீடித்தது. 1964 முதல் 1973 வரை ராணுவ வயதில் இருந்த சுமார் 2.7 கோடி ஆண்களில் ஏறத்தாழ 22 லட்சம் பேர்தான் கட்டாயமாக எடுக்கப்பட்டார்கள். படிக்க வசதி உள்ளவருக்கும் குடும்ப மருத்துவர் உள்ளவருக்கும் கதவு திறந்தே இருந்தது. இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னால் போனால், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1863-இல் 300 டாலர் கட்டினாலே விலக்கு. அந்தக் கோபத்தில் நியூயார்க்கில் வெடித்த கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அரசின் மீது வந்த ஆத்திரத்தில் கும்பல் நகரத்துக் கறுப்பின மக்களைத் தேடித் தேடித் தாக்கியது.

'தலைவர்களின் பிள்ளைகளும் போக வேண்டியிருந்தால் நாடு எளிதில் போருக்குப் போகாது' என்று ஒரு வாதம் உண்டு. எனக்கும் அது பிடித்த வாதம்தான். ஆனால் வியட்நாமுக்குக் கட்டாயமாக ஆள் அனுப்பிக்கொண்டே அமெரிக்கா ஆண்டுக்கணக்கில் போர் நடத்தியது. நழுவ வழி இருக்கும்வரை அந்தக் கடிவாளம் வேலை செய்யாது.

சம்பளம் கொடுத்து, பட்டியல் மட்டும் வைத்திருப்பது

அமெரிக்கா 1973-இலும் பிரான்ஸ் 2001-இலும் முழுக்க விருப்பப்படையாக மாறின. இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பின் கட்டாய சேவை இருந்ததே இல்லை. ஆனால் 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு ஒப்பந்தம், அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் தொடரும் வாய்ப்பு. நீண்டகால ராணுவ வேலையை நம்பி ஓடிப் பழகிக்கொண்டிருந்த இளைஞர்கள் பல மாநிலங்களில் தெருவில் இறங்கினார்கள். விருப்பப்படை என்றாலும், திரும்பி வருகிறவருக்கு அடுத்து என்ன என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஜெர்மனி இப்போது எடுத்திருக்கும் பாதை இங்கேதான் வருகிறது. பல ஆண்டுகளாக 1,80,000 சொச்சத்தில் நின்றுவிட்ட படையை 2035 வாக்கில் 2,60,000 ஆக்க வேண்டுமாம். 2026 முதல் 18 வயதாகும் அனைவருக்கும் கேள்வித்தாள் போகிறது. ஆண்கள் நிரப்பியே ஆக வேண்டும், பெண்கள் விரும்பினால். சேர்வது விருப்பம், மாதம் சுமார் 2,600 யூரோ. போதுமான ஆள் வராவிட்டால் கட்டாயப்படுத்துவதற்கு நாடாளுமன்றம் தனியாக இன்னொரு சட்டம் போட வேண்டும். இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஓர் அமைச்சர் தன் கையெழுத்தில் கட்டாயத்தைக் கொண்டுவர முடியாது.

மாற்றுச் சேவையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரியாவில் 2013 வாக்கெடுப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் கட்டாய சேவை தொடரட்டும் என்றார்கள். ஆம்புலன்ஸிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்யும் மாற்றுச் சேவை இளைஞர்கள் இல்லாமல் போவார்களே என்ற கவலை அதில் பெரும் பங்கு வகித்தது. முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காகக் கட்டாய ராணுவ சேவையை வைத்திருப்பது தலைகீழ் நியாயம். மனசாட்சி காரணமாக ஆயுதம் மறுப்பவருக்கு வழி வேண்டும், அதோடு அது நிற்கட்டும்.

எப்போது விடுவார்கள்?

எரித்திரியாவில் 1995-இல் வந்த சட்டப்படி தேசிய சேவை 18 மாதம். 1998-இல் எத்தியோப்பியாவுடன் போர் மூண்டது, சேவை முடிவில்லாமல் நீண்டது, போர் முடிந்த பிறகும் நீண்டுகொண்டே போனது. ஐ.நா. விசாரணை ஆணையம் 2016-இல் இதை அடிமைப்படுத்தல் என்றே சொன்னது. இளைஞர்கள் நாட்டைவிட்டுக் கூட்டம் கூட்டமாக ஓடியதற்கு முதல் காரணம் இதுதான். மியான்மரில் ராணுவ ஆட்சி, 2010-இலிருந்து கிடப்பில் இருந்த கட்டாய சேவைச் சட்டத்தை 2024 பிப்ரவரியில் உயிர்ப்பித்தது. அறிவிப்பு வந்ததுமே தாய்லாந்து விசாவுக்கு வரிசை நீண்டது. அங்கே அழைத்தது சொந்த மக்களையே சுடச் சொல்வதற்கு.

கொடுங்கோல் ஆட்சிகளில்தான் இப்படி என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. நியாயமான தற்காப்புப் போர் நடத்தும் உக்ரைனிலும் இந்தக் கேள்வி எரிகிறது. 2023 இறுதியில் கீவ் நகரில் சிப்பாய்களின் மனைவிகளும் தாய்மார்களும் பதாகைகளோடு நின்றார்கள். போரின் முதல் நாளிலிருந்து களத்தில் இருப்பவருக்கு ஒரு முடிவுத் தேதி கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். 2024 ஏப்ரலில் வந்த ஆள்திரட்டல் சட்டத்தின் வரைவில் 36 மாதத்தில் விடுவிக்கும் பிரிவு இருந்தது. நிறைவேறிய சட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். மாற்ற ஆள் இல்லை என்பது உண்மையான காரணம். அதற்காக அந்தப் பெண்கள் கேட்டது தவறாகிவிடாது. முன்கூட்டியே ரிசர்வ் படை வைத்திருக்கும் நாட்டுக்கு மாற்றி அனுப்ப ஆள் இருக்கும். கட்டாய சேவைக்கு ஆதரவாக எனக்குத் தெரிந்த மிக வலுவான வாதமும் இதுதான்.

நான் எதைத் தேர்வேன்

பெரிய எதிரியோடு தரை எல்லை இல்லாத நாடு என்றால் தயக்கமே இல்லை: விருப்பப்படை, நல்ல சம்பளம், திரும்பி வருகிறவருக்குப் படிப்பு அல்லது வேலைக்கான வழி, ஜெர்மனி மாதிரி ஒரு பெயர்ப்பட்டியல். அதற்கு மேல் வேண்டாம்.

எல்லையில் உண்மையான ஆபத்து இருக்கும் சின்ன நாட்டுக்கு, முதலில் விருப்பத்தோடு வருகிறவர்கள், மீதி இடங்களுக்கு ஆண் பெண் இருபாலருக்கும் குலுக்கல். ஸ்வீடனின் தேர்வுமுறையைவிடக் குலுக்கலை மேலே வைக்கிறேன், நழுவும் சந்து அதில் குறுகலாக இருப்பதால். ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது. கல்லூரி காரணமாகத் தள்ளிப்போடலாம், ஆனால் படிப்பு முடிந்ததும் சேவைக்குப் போயே ஆக வேண்டும். மருத்துவ விலக்கை முடிவு செய்யும் மருத்துவர், விண்ணப்பித்தவர் தேடிப்பிடித்தவராக இருக்கக் கூடாது. விடுவிக்கும் தேதி அழைப்பாணையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். போர்க்காலத்தில் அதை நீட்ட வேண்டுமானால் நாடாளுமன்றம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிப்படையாக வாக்களிக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதும் முன் ஆட்சியாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியவை படுக்கைகளும் பயிற்சியாளர்களும். ஜெர்மனியில் 2011-க்குப் பின் ஆள்சேர்ப்பு அலுவலகங்களையே மூடிவிட்டார்கள். அவற்றின் வேலையை இப்போது புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. முகாமும் சார்ஜென்டும் இல்லாமல் அழைப்பாணையை முதலில் அனுப்பினால், வந்த இளைஞர் ஒன்பது மாதம் தரையைப் பெருக்கி, வாசலில் காவல் நின்று, துப்பாக்கியைச் சில தடவை சுட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். பத்து ஆண்டு கழித்து ரிசர்வில் அவரைக் கூப்பிட்டால், ட்ரோன் தலைக்கு மேல் வரும்போது என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் பயிற்சியாளர்களைத் தயார் செய்ய இரண்டு மூன்று ஆண்டு, அப்புறம் சில ஆயிரம் பேர், அது சரியாக ஓடினால் எண்ணிக்கையைக் கூட்டுவது என்ற வரிசையில்தான் போக வேண்டும்.